போன் பேசினால் ஜியோபோன் கோடு தூக்கிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

அதிர்வுமானி:
வணக்கம். வீட்டில் சின்னதாக ஒரு நிலநடுக்கமானி ஓட்டுகிறேன். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (தரை அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சுருள் உணரி), ஏடி620 ஆம்ப்ளிஃபையர் சிப் (கெயின், அதாவது பெருக்கம், 500 மடங்கு), அப்புறம் சிக்னலை எண்ணாக மாற்றும் 24 பிட் ஏடிசி. பக்கத்தில் யாராவது மொபைலில் பேசினால் பதிவுக் கோடு சட்டென்று ஒரு படி ஏறி அப்படியே நிற்கிறது, பேசி முடித்ததும் இறங்கிவிடுகிறது. நில அதிர்வென்றால் மேலும் கீழும் ஆட வேண்டும், இது ஆடவே இல்லை. சாப்ட்வேரில் 20 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டும் பயனில்லை. போன் 900 மெகாஹெர்ட்ஸ், நான் பார்ப்பது சில பத்து ஹெர்ட்ஸ்; இது எப்படி உள்ளே வருகிறது? எல்லாவற்றையும் அலுமினியப் பெட்டியில் அடைத்தால் தீருமா? ஜியோபோன் 3 மீட்டர் தள்ளித் தரையில் இருக்கிறது, ஷீல்டு (உலோக உறை) போட்ட கேபிள்தான்.

செப்புக்கம்பி:
படியாக ஏறுகிறது என்பதுதான் துப்பு. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இருக்கும் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தி ஒரு டையோடு மாதிரிதானே, 900 மெகாஹெர்ட்ஸ் அங்கே வந்து விழுந்தால் அதைப் பெருக்க அந்தச் சிப்புக்கு வேகம் இல்லை, ஆனால் ரெக்டிஃபை செய்து (ஒரே திசையாக்கி) டிசி ஆஃப்செட்டாக, அதாவது மாறாத ஒரு மின்னழுத்தமாக, மாற்றிவிடும். வெறும் 20 மைக்ரோவோல்ட் உருவானாலும் கெயின் 500-இல் அது 10 மில்லிவோல்ட். டிசியாக மாறிய பிறகு அது உங்கள் சிக்னலின் அலைவரிசைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, லோ-பாஸ் அதை எப்படிப் பிரிக்கும்? ஆகவே சிப்பின் கால்களுக்கு முன்னால்தான் தடுக்க வேண்டும்.

பெட்டி வாங்குவதற்கு முன் வழியைக் கண்டுபிடியுங்கள். ஜியோபோன் கேபிளைக் கழற்றிவிட்டு, சுருளின் தடைக்கு நிகரான ஒரு ரெசிஸ்டரை (பெரும்பாலும் 390 ஓம் சரியாக இருக்கும்) போர்டின் டெர்மினலிலேயே மாட்டி, பக்கத்தில் போனில் பேசிப் பாருங்கள். பிறகு அதே ரெசிஸ்டரைக் கேபிளின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். அடாப்டரை எடுத்துவிட்டு பேட்டரியிலும் ஒருமுறை. இந்த மூன்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ரெசிஸ்டன்ஸ்47:
செப்புக்கம்பி சொன்னது சரி. உள்ளீட்டு ஃபில்டருக்கு மதிப்புகள் தருகிறேன்: ஒவ்வோர் உள்ளீட்டிலும் தொடராக 4.02 கிலோஓம், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 1 நானோஃபேரட், இரண்டு உள்ளீடுகளுக்கும் குறுக்கே 47 நானோஃபேரட். சிக்னலுக்கு 400 ஹெர்ட்ஸ் வரை திறந்திருக்கும், உங்களுக்கு தாராளம். குறுக்கே இருப்பது கிரவுண்டுக்குப் போகிறவற்றைவிட குறைந்தது 10 மடங்கு பெரிதாக இருக்கட்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்த இரண்டு 1 நானோக்களும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டாலே இரண்டு கம்பியிலும் பொதுவாக வரும் இரைச்சல் வித்தியாசச் சிக்னலாக மாறிவிடும். பெரிய கெப்பாசிட்டர் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

4 கிலோஓம் ரெசிஸ்டர்களின் வெப்ப இரைச்சல் ஏடி620-இன் சொந்த இரைச்சலைவிடக் கொஞ்சம் கூடுதல். மெல்லிய அதிர்வுகளைத் தேடுபவர் என்றால் 1 கிலோஓமுக்கு இறங்குங்கள், அப்போதும் போன் அலைவரிசைக்கு ஃபில்டர் போதுமானது.

இன்னொன்று, எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம். அந்தப் பொருளுக்கு பீசோ குணம் உண்டு, போர்டு அதிர்ந்தால் அதுவே மின்னழுத்தம் கொடுக்கும். நிலநடுக்கமானிக்குள் இரண்டாவது உணரி ஒன்றை நாமே வைத்த கதை ஆகிவிடும். 1 நானோவுக்கு சி0ஜி வகை செராமிக், 47 நானோவுக்கு ஃபிலிம் கெப்பாசிட்டர்.

அதிர்வுமானி:
இருவருக்கும் நன்றி. செய்து பார்த்தேன். ரெசிஸ்டர் போர்டிலேயே இருந்தால் படி கண்ணுக்குத் தெரியவில்லை, கேபிளின் மறுமுனைக்குப் போனதும் பழையபடி வருகிறது. பேட்டரியிலும் மாற்றம் இல்லை. அப்படியானால் கேபிள்தான், ஆனால் அது ஷீல்டு கேபிள் ஆயிற்றே? ஷீல்டை முறுக்கி, ஒரு 3 செ.மீ. வாலாக்கி, போர்டின் நடுவில் கிரவுண்டில் சால்டர் செய்திருக்கிறேன்.

வெள்ளிரேகை:
அந்த வால்தான். நேர்க்கம்பிக்கு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி தூண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3 செ.மீ.க்கு 30 ஆயிற்று. 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை. 900 மெகாஹெர்ட்ஸில் 170 ஓம்! ஷீல்டு பிடித்த மின்னோட்டம் முழுவதையும் போர்டுக்கு உள்ளே கொண்டுவந்து 170 ஓம் வழியாகத்தான் கிரவுண்டுக்குப் போ என்றால் அது பக்கத்தில் இருக்கும் சிக்னல் கம்பிகளில் ஏறாமல் என்ன செய்யும்?

இப்போது பெட்டி வாங்குங்கள், காரணம் இருக்கிறது. கேபிள் நுழையும் இடத்தில் உலோகக் கனெக்டர் வைத்து, ஷீல்டு அதைச் சுற்றி 360 டிகிரியும் பெட்டிச் சுவரைத் தொட வேண்டும், வால் கூடாது. அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேல்பூச்சு மின்சாரம் கடத்தாது, அதனால் கனெக்டர் உட்காரும் இடத்தையும் மூடி பொருந்தும் விளிம்பையும் பளபளக்கும் வரை சுரண்டுங்கள். மூடியில் திருகுகளை நெருக்கமாகப் போடுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12.5 செ.மீ., அதில் பாதி நீளத்துக்கு ஓர் இடுக்கு இருந்தாலே அது நல்ல ஆன்டெனா. இடுக்கு எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் முக்கியம். ரெசிஸ்டன்ஸ்47 சொன்ன ஃபில்டரும் இருக்கட்டும், சிப்பின் காலை ஒட்டினாற்போல.

கேபிளில் ஃபெரைட் (உயர் அலைவரிசை இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) போடுவதாக இருந்தால் வகை பார்த்து வாங்குங்கள். 31 எனும் கலவை அடாப்டர் இரைச்சலுக்கு நல்லது, ஆனால் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சோர்ந்துவிடும், போனுக்கு 61. பல சுற்று சுற்றினால் தடை கூடும் என்பது தாழ்ந்த அலைவரிசையில் உண்மை, 900-இல் சுற்றுகளுக்கு இடையேயான கெப்பாசிட்டன்ஸ் வழியாக எல்லாம் தாண்டிப் போய்விடும், அதனால் ஒரே ஒருமுறை நுழைத்து, பெட்டிக்கு வெளியே கனெக்டரை ஒட்டி வையுங்கள்.