வேலி இல்லாத ரோபோ பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒரகடம் ஃபிட்டர்:
கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பத்து வருஷமாக இருக்கிறேன். முன்பெல்லாம் ரோபோ வேலிக்குள்தான், கதவைத் திறந்தாலே நின்றுவிடும். போன வருஷம் எங்கள் மேசையிலேயே ஒரு கோபாட்டை, அதாவது வேலி இல்லாமல் ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோவை வைத்தார்கள், நான் பம்ப் மூடியைப் பொருத்தி வைத்தால் அது போல்ட் முடுக்கும். மோதினால் நின்றுவிடும் என்று சேஃப்டிக்காரர் சொன்னார். சொன்னால் மனசு கேட்குமா? முதல் வாரம் முழுக்க முதுகு விறைத்தபடிதான் நின்றேன். அப்புறம் ஒருநாள் அவரே அது வரும் வழியில் தன் முன்கையை நீட்டினார். லேசாகத் தட்டியது, நின்றது. என்னையும் நீட்டச் சொன்னார், அன்றைக்குத்தான் பயம் விட்டது.

ஆனால் இரண்டு மாதம் கழித்து எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அது எப்போது திரும்பும் என்று கைக்குப் பழகியிருந்த கணக்கு தப்பி, போல்ட் எடுக்கப் போன விரல் அதன் கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் பகுதி) முனையில் பட்டு மூன்று நாள் வீக்கம். வலியைவிட, சொல்லாமல் மாற்றியதுதான் இன்னும் ஆறவில்லை.

ரோபோ செல் (ரோபோ வேலை செய்யும் இடம்) அமைப்பவன்:
இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை நண்பரே. 2016-ல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற கோபாட் பாதுகாப்பு ஆவணம் உடம்பின் 29 இடங்களுக்குத் தாங்கும் அழுத்தத்தைத் தனித்தனியாகச் சொல்கிறது, ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரிடம் வலி எங்கே தொடங்குகிறது என்று அளந்து எடுத்த கணக்கு அது. முகத்தில் படவே கூடாது. வேகம் கூடினால் மோதும் விசையும் கூடும், அதனால் மறுபடி அளந்தே ஆகவேண்டும். கிரிப்பர் முனை கூராக இருந்தால் கோபாட் என்ற பெயருக்கு அர்த்தமே இல்லை, மழுக்கச் சொல்லுங்கள்.

லேப் பெண்:
ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் கம்பெனி 2012-ல் கொண்டுவந்த பாக்ஸ்டர் என்ற கோபாட்டோடு கல்லூரி லேபில் வேலை செய்திருக்கிறேன். அதன் முகம் ஒரு திரை, கை நகரும் முன்பே திரையில் இருக்கும் கண்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். யாரும் சொல்லித் தராமலே நாங்கள் கையை இழுத்துக்கொண்டோம். அந்தக் கம்பெனி 2018-ல் மூடியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஒரகடம் ஃபிட்டர்:
எங்களுடையதற்குக் கண் இல்லை. நாங்கள் கேட்டுக் கேட்டு ஒரு மஞ்சள் விளக்கு போட வைத்தோம், கை திரும்பும் முன் எரியும். வேகத்தையும் பழையபடி குறைத்துவிட்டார்கள். புதுப் பையன்கள் வந்தால் முதலில் அந்த விளக்கைத்தான் காட்டுகிறேன்.