பாட்டிலிங் பிளான்ட் ஈடிபி: ஃபிளேவர் மாத்தினா ஸ்லட்ஜ் செட்டில் ஆக மாட்டேங்குது

ஏரேஷன்_டேங்க்:
எல்லாருக்கும் வணக்கம். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிங் பிளான்ட்ல கழிவுநீர் சுத்திகரிப்பு (ஈடிபி) பக்கம் பாத்துக்கறேன். லைன்ல ஃபிளேவர் மாத்துறப்பல்லாம் சிரப் டேங்க், பைப், ஃபில்லர்னு எல்லாத்துலயும் மிச்சம் இருக்கறத தண்ணி விட்டு கழுவி டிரெயின்ல விட்டுடறாங்க, அடுத்த நாளே நுரை பொங்குது, கிளாரிஃபயர்ல (தெளிய விடற டேங்க்) ஸ்லட்ஜ் (பாக்டீரியா சேறு) கீழ இறங்காம தண்ணியோடவே வெளிய போகுது. போதாக்குறைக்கு எக்ஸ்பைரி ஆகி திரும்பி வர்ற சரக்கையும் இங்கயே கொட்டச் சொல்றாங்க. கேட்டா "வெறும் சர்க்கரைத் தண்ணிதானே, அதுல என்ன விஷமா இருக்கு"ங்கறாங்க. எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?

சிரப்_ரூம்:
அந்த சர்க்கரைதான் சார் பிரச்சனையே. கணக்கு போட்டுக் காட்டுங்க, பேச்சு மாறிடும். சாதாரண கூல் டிரிங்க்ஸ்ல லிட்டருக்கு சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும், ஒரு கிராம் சுக்ரோஸுக்கு 1.12 கிராம் சிஓடி (அத முழுசா ஆக்சிஜனேற்றம் பண்ண தேவைப்படற ஆக்சிஜன்), அப்போ லிட்டருக்கு 1 லட்சம் மில்லிகிராமுக்கு மேல போயிடுது. உங்க இன்லெட் தண்ணில சிஓடி லிட்டருக்கு 2000 மி.கி.னு வச்சுக்கங்க, 1000 லிட்டர் டிரிங்க் கொட்டினா கிட்டத்தட்ட 56,000 லிட்டர் கழிவுநீரோட லோடு ஒரேயடியா வந்து விழுது. சிரப்னா இன்னும் பல மடங்கு. விஷம் தேவையே இல்ல, இத தின்ன வர்ற பாக்டீரியா தண்ணில இருக்கற ஆக்சிஜன மொத்தமா இழுத்துடும், ஓடைக்குப் போனா மீனு மூச்சு முட்டிதான் சாகும்.

அதனால டிரெயின் வாய்லயே தடுக்கணும். சேஞ்ச் ஓவர் பண்றப்போ மொதல்ல வர்ற கெட்டியான கழுவுத் தண்ணிய தனி டேங்க்ல பிடிங்க, பிரிக்ஸ் மீட்டர் (சர்க்கரை அளவு காட்டறது) வச்சு பாத்து, சர்க்கரை இறங்கினப்புறம்தான் டிரெயினுக்கு விடணும். லைட் கலர் ஃபிளேவர்லேர்ந்து டார்க் கலருக்குப் போற மாதிரி ஷெட்யூல் போட்டா கழுவுறதே குறையும், ஆனா இதுக்கு புரொடக்‌ஷன் பிளானிங் ஆளுங்க மனசு வைக்கணும்.

மைக்ரோஸ்கோப்:
மேல சொன்னது சரி. ஆனா ஸ்லட்ஜ் இறங்காததுக்கு பட்டினியும் ஒரு காரணமா இருக்கும். இந்தத் தண்ணில சர்க்கரை நிறைய, நைட்ரஜன் ரொம்ப கம்மி, அந்த நிலைமைல இழை இழையா வளர்ற பாக்டீரியா ஜெயிச்சுடும், ஸ்லட்ஜ் பஞ்சு மாதிரி ஊதிக்கும். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாருங்க, இழை தெரிஞ்சா சந்தேகமே இல்ல. பிஓடி (பாக்டீரியா கழிவ தின்ன எடுத்துக்கற ஆக்சிஜன்), நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 வரணும், 100 கிலோ பிஓடிக்கு நைட்ரஜன் துளி கூட இல்லன்னா யூரியா சுமார் 11 கிலோ. கோலா ஓடுற நாள்ல பாஸ்பாரிக் ஆசிட்லேர்ந்தே பாஸ்பரஸ் கொஞ்சம் வந்துடும், டெஸ்ட் பண்ணிட்டு போடுங்க. ஏரேஷன் டேங்க்ல (காத்து ஊதற டேங்க்) ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்கு கீழ போகாம பாத்துக்கங்க. ரிட்டர்ன் ஸ்லட்ஜ்ல (கிளாரிஃபயர்லேர்ந்து ஏரேஷனுக்குத் திரும்பறது) குளோரின் விட்டா இழை சாகும்தான், காரணத்த சரி பண்ணலன்னா திரும்பவும் வந்துடும்.

ஏரேஷன்_டேங்க்:
ரொம்ப நன்றி. பிஹெச்சும் சில நேரம் 11 தாண்டுது, கண்ணாடி பாட்டில் லைன் ஓடறப்போ.

சிரப்_ரூம்:
அது பாட்டில் வாஷர்ல போடற காஸ்டிக் சோடா. வாஷர் டேங்க்க காலி பண்ற நாள் மொத்தமா திறந்து விட்டா பாக்டீரியா தாங்காது. தனியா பிடிச்சு, லேபிள் கூழையும் அழுக்கையும் வடிகட்டிட்டு தெளிஞ்சத திரும்ப யூஸ் பண்ணலாம், நிறைய பிளான்ட்ல பண்றாங்க. வெளிய விட்டே ஆகணும்னா ஈக்வலைசேஷன் டேங்க்ல (வர்ற கழிவுநீர கலந்து சமப்படுத்தறது) கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. பிஹெச் இறக்க கார்பன் டை ஆக்சைடு நல்லது, ஆசிட் மாதிரி ஓவர் டோஸ் ஆகி தடாலடியா கீழ போகாது.

கேஸ்_ஹோல்டர்:
எக்ஸ்பைரி சரக்கு பத்தி யாரும் சொல்லல. அத ஏரேஷனுக்கு அனுப்பறது ரெண்டு பக்க நஷ்டம், கரன்ட்டும் போகுது ஸ்லட்ஜும் கூடுது. காற்றில்லாத டைஜஸ்டர்ல போட்டா ஒரு கிலோ சிஓடிக்கு கணக்குப்படி 350 லிட்டர் வரைக்கும் மீத்தேன் கிடைக்கும், பாய்லருக்கே உதவும். சர்க்கரை வேகமா புளிச்சு ஆசிட் ஆகிடும்ங்கறதால அல்கலினிட்டி (ஆசிட்ட சமாளிக்கற சக்தி) தினம் பாக்கணும், கொஞ்சம் கொஞ்சமாதான் கொடுக்கணும். டைஜஸ்டர் இல்லன்னா மூடின டேங்க்ல சேத்து வச்சு, லோடு கம்மியா இருக்கற ஷிஃப்ட்ல அளந்து விடுங்க. பாட்டில நசுக்கறதுக்கு முன்னாடி முழுசா வடிச்சுடுங்க, உள்ள டிரிங்க் நின்ன பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ரீசைக்கிள்காரங்க நல்ல விலை தரமாட்டாங்க, மூடியும் வேற பிளாஸ்டிக், அதத் தனியா போடுங்க.