விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரை இடது பக்கம் கொண்டுபோக இலவச மென்பொருள் இருக்கிறதா?

கேள்வி:
நண்பர்களே, 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்கு மாறினேன். பல வருடமாக டாஸ்க்பாரை இடது ஓரத்தில் வைத்தே பழகியவன் நான், அகலத் திரையில் அப்படி வைத்தால் தட்டச்சு செய்யும்போது கூடுதலாக ஓரிரு வரி தெரியும். இதில் ஐகான்களை இடப்பக்கம் ஒதுக்க முடிகிறதே தவிர பாரையே நகர்த்த வழி காணோம். ரைட் கிளிக் மெனுவும் பாதியாகச் சுருங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்க முடியாது. ஏதோ ஒரு தளத்தில் இறக்கிய கருவி, கேட்காத இரண்டு மென்பொருளையும் சேர்த்து நிறுவிவிட்டதால் எதைத் தொடவும் பயமாக இருக்கிறது.

பதில் 1:
விண்ட்ஹாக் போடுங்கள், விண்டோஸின் தோற்றத்தையும் செயலையும் மாற்ற உதவும் இலவச மென்பொருள் அது. அதில் 'வெர்டிகல் டாஸ்க்பார்' என்று ஒரு மாட் (சிறு மாற்ற நிரல்) இருக்கிறது, உங்களுக்குத் தேவை அதுதான். டாஸ்க்பாரை மாற்ற உதவிய பழைய 7+ டாஸ்க்பார் ட்வீக்கரை எழுதியவரே இதையும் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு மாடின் மூல நிரலையும் நிறுவும் முன்பே திறந்து படிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அணைத்துவிடலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

பதில் 2:
எக்ஸ்ப்ளோரர்பேட்சரும் இருக்கிறது, விண்டோஸ் 10-இன் டாஸ்க்பாரையே திரும்பக் கொண்டுவரும். ஆனால் அது சிஸ்டத்தின் உள்ளே கை வைப்பதால் பெரிய அப்டேட்டுக்கு முன் அன்இன்ஸ்டால் செய்துவிடுவது நல்லது. விண்டோஸ் 11-இன் 24எச்2 என்ற பெரிய அப்டேட் வந்த சமயத்தில் எக்ஸ்ப்ளோரர்பேட்சரின் சில பதிப்புகள் இருந்த கணினிகளில் அப்டேட்டே போகாமல் தடுக்கப்பட்டது. ஸ்டார்ட் மெனு மட்டும் பழையபடி வேண்டுமென்றால் ஓபன்-ஷெல் போதும். 2017-இல் நின்றுபோன கிளாசிக் ஷெல்லைத்தான் தன்னார்வலர்கள் அந்தப் பெயரில் தொடர்கிறார்கள்.

ரைட் கிளிக்குக்கு எந்த மென்பொருளும் வேண்டாம் சகோ, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள், முழு மெனுவும் வரும்.

பதில் 3:
எதுவானாலும் அதை எழுதியவரின் சொந்தத் தளம் அல்லது கிட்ஹப் (நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வெளியிடும் தளம்) பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் முதலில் வரும் 'டவுன்லோடு' தளங்கள் வேண்டவே வேண்டாம். அப்புறம், நிறுவும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துவிடுங்கள், ஏதாவது கெட்டால் விண்டோஸை அந்த நிலைக்கே திருப்பலாம். ஒரே நாளில் நாலைந்தைப் போட்டால் எது கோளாறு செய்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அகலத் திரை என்றால் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸையும் பாருங்கள், அதிலுள்ள ஃபேன்சிஸோன்ஸில் திரையை நம் விருப்பப்படி கட்டம் பிரித்து விண்டோக்களை அடுக்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துவிட்டு விண்ட்ஹாக் மட்டும் போட்டேன், பார் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. ஷிஃப்ட் கிளிக்கும் வேலை செய்கிறது. ஒரு வாரம் இப்படியே ஓட்டிவிட்டுத்தான் ஓபன்-ஷெல் பக்கம் போவேன்.