ஐந்து மாதக் குழந்தையின் தட்டைத் தலைக்கு ஹெல்மெட் அவசியமா?

நிலாவின் அம்மா:
மகளுக்கு வலப்புறப் பின்மண்டை தட்டையாகி, அந்தப் பக்கத்துக் காதும் சற்று முன்தள்ளித் தெரிகிறது. மருத்துவர், தலைவடிவைச் சீராக்க அணிவிக்கும் ஹெல்மெட் பற்றி யோசிக்கச் சொல்கிறார்; மாமியாரோ கடுகுத் தலையணையே போதும் என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

பிசியோ ராகவன்:
முதலில் மண்டையோட்டுத் தையல்கள் (மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகள்) முன்கூட்டியே மூடிக்கொள்ளவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி மூடியிருந்தால் ஹெல்மெட் மட்டும் பயன்படாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஹெல்மெட் வாங்குவது வீண் செலவு என்பேன்.

இளவேனில்:
நெதர்லாந்தில் 84 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் பார்த்தபோது, ஹெல்மெட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் தலைவடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மிகக் கடுமையான தட்டையும் கழுத்து இறுக்கமும் உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே உங்கள் மகளின் அளவீடு தெரியாமல் அந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது.

ஆதியின் அப்பா:
நாங்கள் போட்டோம். நாளுக்கு 23 மணி நேரம் என்பதால் குளிப்பாட்டும்போது மட்டுமே கழற்றுவோம். உட்புறம் வியர்வை நாற்றமடிக்கும், காதோரம் சிவந்துவிடும். வடிவம் தேறியது, ஆனால் தானாகவே தேறியிருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. கடுகுத் தலையணை மட்டும் வேண்டாம்: ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தைக்கு எந்தத் தலையணையும் மூச்சுக்கு ஆபத்து. மல்லாந்து படுக்கவைப்பதையும் நிறுத்தாதீர்கள். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.