அம்மாவின் தோள் இறுகிவிட்டது: தனியார் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கொண்டுபோவது பிரயோசனமா?

விசுவமடு மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 56 வயது. சீனி வருத்தம் பத்து வருடமாக இருக்கிறது. ஐப்பசியில் இடது தோளில் நோ தொடங்கியது. வயல் வேலையால் வந்த உளைவு என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட்டோம். இப்போது கை காது மட்டத்துக்கு மேல் போகாது. கிணற்றில் தண்ணீர் அள்ள ஏலாது, தலை பின்ன ஏலாது. நித்திரையில் அந்தப் பக்கம் புரண்டால் எழும்பிக் குந்திவிடுவார்.

எக்ஸ்ரே பார்த்த டொக்டர், எலும்பில் பிழை இல்லை, தோள் இறுகிப்போச்சு, பயிற்சிதான் மருந்து என்றார். ஆஸ்பத்திரியில் சரியான சனம். மூன்று தரம் போனோம். சூடு பிடித்தார்கள், படம் போட்ட தாள் ஒன்று தந்தார்கள். கிளிநொச்சியில் ஒரு சின்ன இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எடுத்து முக்கால் மணித்தியாலம் பார்க்கிறார்களாம். ஒரு தரத்துக்கு அவர்கள் கேட்பது என்னுடைய ஒரு நாள் சம்பளத்துக்கு மேல், பஸ் காசு வேறு. மாமா, பரியாரியிடம் காட்டி இழுத்துவிட்டால் போதும் என்கிறார். இந்த வருத்தத்தால் கஷ்டப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பரந்தன் தையல்காரி:
தங்கச்சி, இழுத்துவிட மட்டும் கொண்டுபோகாதீங்கோ. நான் அந்தப் பிழையைச் செய்தவள். இழுத்த அன்று கை கொஞ்சம் இலகுவான மாதிரி இருந்தது. அடுத்த மூன்று இரவும் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு வலது தோள். தைக்க வருகிறவர்களின் முதுகைச் சுற்றி அளவு நாடாவைக் கொண்டுபோக முடியாமல், நீங்களே பிடியுங்கோ என்று கொடுத்திருக்கிறேன். என்னிடமும் அதே பயிற்சித் தாள் இருந்தது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை விடாமல் செய்தேன். கை ஏறுகிறது என்றுதான் நினைத்தேன்.

தனியாகப் பார்க்கும் இடத்துக்குப் போன முதல் நாள், அங்கே பார்க்கிற இயன்மருத்துவப் பிள்ளை என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லவே இல்லை. காலையில் எழும்பினதில் இருந்து என்னென்ன வேலை செய்வீங்கள் என்று கேட்டாள். கதிரையில் இருத்தி, மெஷினில் இருக்கிற மாதிரி இருந்து காட்டச் சொன்னாள். பிறகு சுவரில் ஏறச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்று தன் உள்ளங்கையை என் தோள்பட்டை எலும்பில் வைத்து மெதுவாக அமத்திப் பிடித்தாள். கை அப்படியே நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் தோள் மூட்டு அசையவில்லை. தோள்பட்டையைத் தூக்கி, இடுப்பைச் சரித்துத்தான் நான் ஏறியிருக்கிறேன். இது எந்தத் தாளிலும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று கை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். நான் காசு கொடுத்தது இதற்குத்தான், அதில் எனக்கு மனவருத்தம் இல்லை.

ஆனால் கிழமைக்கு மூன்று தரம் போகக் கட்டாது. அதை முதல் நாளே சொன்னேன். அவள் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வரச் சொல்லி, இடையில் வீட்டில் செய்ய மூன்றே மூன்று பயிற்சி தந்தாள். குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, நோகிற கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது ஒன்று. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, தும்புத்தடியால் கையை வெளிப்பக்கம் தள்ளுவது ஒன்று. மற்றது சுவர், ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோள் உயராமல். தையல் சோக்கால் சுவரில் கோடு போட்டு வைத்தேன். சில கிழமை கோடு அசையாது. சில கிழமை இரண்டு விரல் உயரும். முழுக்கச் சரிவர ஒன்றரை வருடம் எடுத்தது. அந்தக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை.

வவுனியா இயன்மருத்துவர்:
அக்கா சொன்னது சரி. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வருவது, இவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. ஆறவும் கூட நாள் எடுக்கும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதுதான் காரணம். முதலில் நோ, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகல். மொத்தம் ஒன்று முதல் மூன்று வருடம் போகலாம். இரவு நோ கடுமையாக இருக்கும் கட்டத்தில் பலமாக இழுத்தால் கூடத்தான் செய்யும்.

போகும் இடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். பார்ப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் நாள் கோணமானி வைத்து, கை எத்தனை பாகை உயருகிறது, எத்தனை பாகை வெளிப்பக்கம் திரும்புகிறது என்று அளந்து கொப்பியில் எழுதுகிறாரா என்றும் பாருங்கள். எழுதாவிட்டால் முன்னேற்றம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கட்டிலில் படுக்கவைத்து மெஷினை மாட்டிவிட்டுப் போய்விடுகிற இடம் என்றால், தனியாகப் பார்க்கிறோம் என்று சொன்னாலும் காசைக் கொட்டாதீர்கள். டொக்டர் தோளுக்கு ஸ்டீரொயிட் ஊசி போடலாம் என்றால், அது சில நாட்களுக்குச் சீனியைக் கூட்டும். அந்த நாட்களில் அடிக்கடி பாருங்கள்.

விசுவமடு மகள்:
இருவருக்கும் நன்றி. ஒரு விஷயம் எழுத மறந்துவிட்டேன். 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று அம்மாவின் அதே தோளுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்று அப்போது விட்டுவிட்டார்கள். சூடு பிடித்தபோது யாரும் அதைக் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

வவுனியா இயன்மருத்துவர்:
கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது. எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோய் முதலில் அதைக் காட்டுங்கள். சூடு பிடித்தது வெந்நீர்ப் பையாலா, சூட்டு விளக்காலா, மின்னலையால் உள்ளே சதையைச் சூடாக்கும் டயதேமி மெஷினாலா என்று அம்மாவிடம் கேளுங்கள். உள்ளே உலோகம் இருக்கும் இடத்தில் டயதேமி வைக்கக் கூடாது. துண்டு சூடாகி உள்ளே சதையைச் சுட்டுவிடும், வெளியே தோலில் தெரியாமலும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சனத்துக்கு அது பழகிப்போய், தானாகச் சொல்ல வராது.

விசுவமடு மகள்:
கேட்டேன். மெஷின் இல்லையாம், சூடான பைதான். நெஞ்சு ஆறிவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்துவிட்டேன். இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வர ஏலும் என்று போனிலேயே சொன்னேன், சரி என்றார்கள்.

பரந்தன் தையல்காரி:
நல்லது தங்கச்சி. அம்மாவுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை வேணும். தலையால் போடுகிறதென்றால் உடுப்பு மாற்றவே உயிர் போய்விடும். திரும்பி வரும்போது பரந்தன் சந்தியில் இறங்குங்கோ, உள்பெட்டியில் என் இலக்கம் போட்டிருக்கிறேன். அளவுக்குப் பழைய சட்டை ஒன்று கொண்டுவந்தால் போதும், நான் இரண்டு தைத்துத் தாறன். காசு வேண்டாம்.