சர்க்கரை அளவைக் கேட்கும் மருத்துவரிடம் மனக்கவலையையும் சொல்லலாமா?

கோத்தகிரி மகள்:
என் அம்மாவுக்கு 58 வயது. 30 ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு இப்போது இன்சுலினும் சேர்ந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாள்களும் சோற்றை ஏறக்குறைய விட்டுவிடுகிறார். அளவு குறைந்திருந்தால் திட்டு விழாது என்பது அவர் கணக்கு. எண் கூடியிருந்தால் எல்லாம் தன் தவறுதான் என்று அழுகிறார். இதை அதே மருத்துவரிடம் சொல்லலாமா, மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டுமா?

குன்னூர் செவிலியர்:
அவரிடமே சொல்லுங்கள். உணவைக் குறைத்துவிட்டு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும் என்பதால், முதலில் அந்தப் பழக்கம் நிற்க வேண்டும். அதனால் பயனும் இல்லை. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும்.

நீங்கள் சொல்வது நீரிழிவு சார்ந்த மனவுளைச்சல். மனச்சோர்வு நோய் என்பது வேறு. இதை அளக்க 'பெய்டு' என்ற 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் உண்டு. மதிப்பெண் நூற்றுக்கு 40ஐத் தொட்டால் உளைச்சல் கடுமை என்று கொள்வார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரமிருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால், "இந்த நோயில் உங்களுக்குப் பெரிய பாரம் எது?" என்று கேட்க அரை நிமிடம் போதும், பதிலுக்கேற்ப இலக்கைத் தளர்த்தலாம், ஊசி நேரத்தை மாற்றலாம்.

உதகைவாசி:
நானும் இன்சுலின் போடுகிறவன். 'கட்டுப்பாடே இல்லை' என்று ஒரு மருத்துவர் சொன்ன நாளோடு அளவுகளைக் குறித்து வைப்பதையே நிறுத்திவிட்டேன். அடுத்து வந்தவர், "எண் ஏறியிருக்கிறது, என்ன நடந்தது?" என்று கேட்டார்; குறிப்பேடு திரும்பி வந்தது. அம்மாவின் கவலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மழை பெய்து கூட்டம் குறைந்த நாளில் போங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கோத்தகிரி மகள்:
'பெரிய பாரம் எது' என்ற அந்தக் கேள்வியை நானே அம்மாவிடம் கேட்டேன். ஊசி வலிக்கவில்லையாம், மருந்து பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பதால் தினமும் இரண்டு முறை அவர்கள் கதவைத் தட்டுவதுதான் கூச்சமாம்.

குன்னூர் செவிலியர்:
பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்த பின் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியிலேயே வைக்கலாம். நம் ஊர்க் குளிருக்கு அடுப்படியைத் தவிர எந்த அலமாரியும் போதும். உறையில் உள்ள குறிப்பை மருந்தாளுநரிடம் ஒரு முறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.