வேன் ஏசி நள்ளிரவில் நின்றுவிடுகிறது

கேள்வி: கூரை ஏசி, 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டுக்கெல்லாம் இன்வெர்ட்டர் 'கீ...'ன்னு கத்தி அணைஞ்சிடுது. தலையணை நனைஞ்சு எழுந்துக்கிறேன். பேட்டரி கோளாறா?

பதில் 1: இல்லைங்க, கணக்கே அப்படித்தான். '12 வோல்ட்' லித்தியம் பேட்டரின்னா பொதுவா 12.8 வோல்ட்; 12.8 × 200 = 2560 வாட்-மணி. ஏசி 1200 வாட் இழுத்தா இரண்டு மணி நேரம்தான்.

பதில் 2: முதல்ல வெயிலை வெளியிலேயே நிறுத்துங்க. முன்கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டு நானும் ஏமாந்தவன்தான். சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தப்புறம் தடுத்து என்ன பண்றது? இப்போ வெளிப்பக்கமா வெள்ளி விரிப்பு கட்டுறேன். டாஷ்போர்டில் கை வைக்க முடியுது. பகல் சூட்டைக் கூரைக் காற்றாடியால தள்ளிட்டு, படுக்கும்போது ஏசி போடுங்க.

கேள்வி கேட்டவர்: தண்ணீர் கூலர்?

பதில் 2: புழுக்கத்தில வேண்டவே வேண்டாம். ஈரம்தான் ஏறும், என் மெத்தை பூஞ்சை பிடிச்சுது.